சிறையில் கிடைத்த பாடம்

பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் கத்தி எடுத்தான் என்று செய்தி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாசலில் காவலர் வேண்டும், கேமரா வேண்டும், அவனைப் பள்ளியைவிட்டு நீக்க வேண்டும் என்கிறோம். சினிமாவைத் திட்டுகிறோம், கைப்பேசியைத் திட்டுகிறோம். இரண்டு வாரத்தில் மறந்தும் போகிறோம். மாலையில் மணி அடித்ததும் அந்தப் பையன் யாரிடம் திரும்பிப் போகிறான் என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டவர் புனித தொன் போஸ்கோ.

வட இத்தாலியில் துரின் நகருக்கு அருகே, பெக்கி என்ற சிற்றூரில் 1815ம் ஆண்டு பிறந்தார் ஜான் போஸ்கோ. இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்தார். ஒன்பது வயதில் ஒரு கனவு கண்டார். அதில் கெட்ட வார்த்தை பேசிச் சண்டையிட்ட சிறுவர்களைக் கண்டதும் அவர் செய்த முதல் காரியம், கைமுட்டியை ஓங்கிக்கொண்டு பாய்ந்ததுதான்! அடியால் அல்ல, அன்பால் இவர்களை நண்பராக்கு என்று கனவில் அவருக்குச் சொல்லப்பட்டது. வீட்டிலோ, தந்தையின் முதல் மனைவியின் மகனான அந்தோனியோவுக்கு, தம்பி கையில் புத்தகத்தைக் கண்டாலே கோபம். சண்டை முற்றவே, தாய் மார்கரீத்தா சின்ன மகனை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

1841ம் ஆண்டு குருவானார். அருள்தந்தை கஃபாசோ அவரைத் துரின் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுள்ள, நல்ல உடல்கட்டும் அறிவும் கொண்ட பிள்ளைகள் அங்கே பூச்சிக்கடியில் கிடந்தார்கள். திருந்துவோம் என்று சொல்லி வெளியே போனவர்களே மீண்டும் உள்ளே வந்தார்கள். வெளியே அவர்களை ஏற்றுக்கொள்ள ஒருவரும் இல்லை என்பதே காரணம் என்று கண்டுகொண்டார். கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும் புகைக்கூண்டு துடைக்கவும் வந்த பிள்ளைகள் அந்நகரில் ஏராளம்.

அதே ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். துரின் புனித அசிசி பிரான்சிஸ் ஆலயத்தின் சக்ரீஸ்துவுக்குள் ஓர் அநாதைப் பையன் வந்து நின்றான். பூசைக்கு உதவி செய்யச் சொன்னார் கோவில்பிள்ளை. தெரியாது என்றான் அவன். தூசி தட்டும் கம்பை எடுத்து அடித்துத் துரத்தினார். இது நடந்தது கோவிலுக்குள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். திருவுடை அணிந்துகொண்டிருந்த தொன் போஸ்கோ அந்தப் பையன் தம் நண்பன் என்று சொல்லி அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். பூசை முடிந்ததும் பேச்சுக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாது, பாடவும் தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். பார்த்தலோமேயோ கரெல்லி என்ற அந்தப் பதினாறு வயதுப் பையன் அடுத்த ஞாயிறன்று நண்பர்களோடு வந்தான்.

கூட்டம் பெருகியதும் நகரம் மிரண்டது. இரைச்சல் என்று இடம் கொடுத்தவர்களே விரட்டினார்கள். கலகக் கும்பலோ என்று நகர ஆட்சியாளர் மிக்கேலே கவூர் சந்தேகித்தார். காவலர்கள் வந்து கண்காணித்தார்கள். உடன் குருக்கள் சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1846ம் ஆண்டு வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. தாய் மார்கரீத்தாவும் வந்து சேர்ந்தார். 1850களில் தொழில் பழகப் போன பிள்ளைகளுக்காக முதலாளிகளிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார் தொன் போஸ்கோ. பையனை அடிக்கக்கூடாது, ஞாயிறு ஓய்வு தரவேண்டும் என்பவையும் அதில் இருந்தன.

தம் முறையை 1877ம் ஆண்டு சிறு நூலாக எழுதினார். எவ்விதத்திலும் அடிப்பது, வலிக்கும்படி முழங்காலில் நிறுத்துவது, காதைத் திருகுவது எல்லாவற்றையும் அறவே விலக்கினார். சட்டம் தடுக்கிறது, பிள்ளைகளுக்கு வெறுப்பு வளர்கிறது, ஆசிரியருக்கே இழிவு என்று மூன்று காரணங்கள் சொன்னார். நம் வகுப்பறைகளில் முழங்காலில் நின்றவர்களுக்கு இது பழைய இத்தாலியக் கதையாகத் தோன்றாது. கட்டுப்பாடே வேண்டாம் என்றவர் அல்ல அவர்; தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்கும் முன் பிள்ளைகளோடு இருப்பதே ஆசிரியரின் வேலை என்றார். இது கேமரா பொருத்துவதைவிடக் கடினம்.

அவருடைய சலேசிய சபையினர் 1906ம் ஆண்டு தஞ்சைக்கும் வந்தார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே, 1884ம் ஆண்டு மே மாதம், உரோமையிலிருந்து தம் வால்தோக்கோ இல்லத்திற்கு அவர் வேதனையோடு ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. ஆசிரியர்கள் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு கலப்பதில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். பிள்ளைகளும் அவர்களை அதிகாரிகளாகப் பார்த்து அஞ்சத் தொடங்கிவிட்டார்கள் என்று அதில் வருந்தினார். அப்போது அவருக்கு வயது 68. நான்கு ஆண்டுகள் கழித்து, 1888 ஜனவரி 31 அன்று இறந்தார்.