புழுவின் பிறப்பைக் கண்ட அரண்மனை வைத்தியர்

அழுகிய இறைச்சியில் புழு நெளிகிறது. அது எங்கிருந்து வந்தது? இறைச்சியே புழுவாக மாறுகிறது என்றுதான் சுமார் 2,000 ஆண்டுக் காலம் ஐரோப்பியப் பண்டிதர்கள் நம்பி வந்தார்கள். அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் பானையில் போட்டு வைத்தால் எலி பிறக்கும் என்று எழுதி வைத்த அறிஞரும் உண்டு!

இந்த நம்பிக்கையை ஆட்டங்காண வைத்தவர் பிரான்செஸ்கோ ரெடி. இத்தாலியில் அரெஸ்ஸோ நகரில் 1626-ம் ஆண்டு பிறந்தவர். பைசா சர்வகலாசாலையில் படித்து 1647-ல் பட்டம் பெற்றார். பின்னர் டஸ்கனியை ஆண்ட மெடிசி பிரபுக்களுக்கு அரண்மனை வைத்தியரானார். கவிஞர் என்ற புகழும் அவருக்கு உண்டு.

பாம்பின் விஷம் அதன் பித்தநீரில் இருக்கிறது என்று அந்நாளில் சொன்னார்கள். பாம்பு பிடிக்கும் ஒருவர் அந்தப் பித்தநீரைக் குடித்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. பல்லின் அருகே சுரக்கும் மஞ்சள் நீர்தான் விஷம், அது இரத்தத்தில் கலந்தால்தான் கொல்லும் என்று 1664-ல் ரெடி எழுதினார்.

அடுத்தது புழு. சில ஜாடிகளில் இறைச்சியும் மீனும் போட்டு இறுக மூடினார். அதே போன்ற வேறு ஜாடிகளைத் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் ஈ மொய்த்தது, புழு வந்தது. மூடியவற்றில் இல்லை. காற்று இல்லாததால் புழு பிறக்கவில்லை என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதனால் மெல்லிய வலைத்துணியால் மூடியும் பார்த்தார். காற்று புகுந்தது, இறைச்சியில் புழு வரவில்லை. ஈயின் முட்டையே புழுவுக்குக் காரணம் என்பது 1668-ல் வெளியாயிற்று.

நம் நாட்டிலிருந்து சென்ற பாம்புக்கல்லையும் அவர் விடவில்லை. கடிவாயில் ஒட்டினால் விஷத்தை உறிஞ்சும் என்று பெயர் பெற்ற கல் அது. விஷம் ஏற்றிய பிராணிகளிடம் சோதித்தார். பயனில்லை என்று 1671-ல் அறிவித்தார்.

ஆனால் அவரும் ஓரிடத்தில் சறுக்கினார். மர இலைகளில் காணும் முடிச்சுகளுக்குள் இருக்கும் புழுவை மரமே பெறுகிறது என்று நம்பிவிட்டார். அதுவும் பூச்சி இட்ட முட்டைதான் என்று பின் வந்தவர்கள் காட்டினார்கள். ஜாடி வைத்துப் பார்த்த விஷயத்தில் ஜெயித்தவர், ஊகித்த விஷயத்தில் தோற்றார்! 1697-ல் பைசாவில் காலமானார்.

பாம்பு கடித்தால் கல்லைத் தேடுவோர் இன்றும் இருக்கிறார்கள். கல் வைத்துப் பிழைத்தவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. நல்ல பாம்பு கூடச் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். கல் வைக்காமலே பிழைத்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? ரெடியின் இரண்டாவது ஜாடி கேட்கும் கேள்வி அதுதான். பதில் தேடிக் கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். விஷமுறிவு ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது.