சுரங்க நகரில் பிறந்த மருத்துவர்

நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்குச் சுரங்கம் புதிதல்ல. இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் தந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம். அதுபோன்றதொரு சுரங்க நகரில், ஜெர்மனியின் கிளவ்ஸ்தாலில், 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி பிறந்தவர் இராபர்ட் காக். தந்தை சுரங்கத்துறைப் பணியாளர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது.

1866ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்ற காக், 1872ஆம் ஆண்டு முதல் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவராகப் பணியாற்றினார். மனைவி எம்மி பிறந்தநாள் பரிசாகத் தந்த நுண்ணோக்கியே அவரது செல்வம். நோயாளிகளைக் கவனித்தபின் கிடைத்த நேரத்தில், வீட்டிலேயே ஆய்வு செய்தார். ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் நுண்கிருமியை 1876ஆம் ஆண்டு மெய்ப்பித்தார். 1880இல் பெர்லின் நகருக்கு அழைக்கப்பட்டார்.

அந்நாள்களில் மக்களை வாட்டிய பெருந்துன்பம் காசநோய். நம் முன்னோர் இதை எலும்புருக்கி நோய் என்றனர். ஏழு பேர் இறந்தால் அதில் ஒருவர் இந்நோயால் இறந்தவர் என்று காக் கணக்கிட்டார். இது தொற்றக்கூடியது என்று பிரெஞ்சு மருத்துவர் வில்மன் 1865ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். ஆயினும், இது குடும்ப இரத்தத்தில் வருவது என்றே பலரும் நம்பினர். நோயாளியின் வேதனையோடு, அவர் வீட்டாருக்கு அவப்பெயரும் சேர்ந்தது.

காக் பொறுமையாக ஆய்ந்தார். நோயுற்ற திசுக்களுக்குச் சாயமேற்றி, மெல்லிய கோல் போன்ற கிருமிகளைக் கண்டார். அவை அங்கே இருப்பது மட்டும் போதிய சான்றாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, உறையவைத்த இரத்த நிணநீரில் அவற்றைத் தனியே வளர்த்தார். மற்றக் கிருமிகள் ஓரிரு நாள்களில் வளர்ந்துவிடும். இவை கண்ணுக்குத் தெரியவே ஏறத்தாழ இரு வாரங்கள் ஆயின. வளர்ந்தவற்றைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் அதே நோய் வந்தது; அவற்றின் உடலிலும் அதே கிருமி இருந்தது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி இதை பெர்லினில் அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1884ஆம் ஆண்டு கல்கத்தாவில், காலராக் கிருமியைக் குளத்து நீரிலும் கண்டறிந்தார்.

இம்மாமனிதரும் தவறினார். 1890ஆம் ஆண்டு, டியூபர்குலின் என்ற பொருளைக் காசநோய்க்கு மருந்தாக அறிவித்தார். போதிய சோதனைக்கு முன்பே நம்பிக்கையோடு ஓடிவந்த நோயாளிகள் ஏமாந்தனர்; சிலர் இறந்தனர். பின்னாளில் அப்பொருள் நோய்த்தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனைக்கு உதவியது. 1905ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற காக், 1910ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி மறைந்தார்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவான அதே 1956ஆம் ஆண்டில், சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமடையலாம் என்பதையும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்பதையும் அம்மையம் உலகிற்குக் காட்டியது.

அன்பர்களே, இன்றும் மகளின் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என அஞ்சி இருமலை மறைக்கும் வீடுகள் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வோம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இது சாபமல்ல, கிருமி என்று மெய்ப்பிக்கப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரியவந்தால், விலகி நிற்காமல், மருந்தை இடையில் விட்டுவிடாதிருக்க அவருக்குத் துணை நிற்போம்.