முதல் ஊசி தமக்கே

நண்பர்களே, பள்ளிக்கு ஊசி போட வருகிறார்கள் என்று கேட்டதும் பின்வாசலைத் தேடி ஓடியவர்கள் நம்மில் பலர் இருப்போம். அது வலிக்கு அஞ்சிய ஓட்டம். வளர்ந்தவர்களும் சில வேளை ஓடுகிறார்கள். அவர்கள் அஞ்சுவது ஊசி முனைக்கு அன்று; ஊசியைப் பிடித்திருக்கும் கையை நம்பலாமா என்ற ஐயம்தான் அவர்களை ஓட வைக்கிறது. அந்த நம்பிக்கையை அரும்பாடுபட்டு ஈட்டி, ஒரு நாள் நிகழ்ச்சியில் இழந்து, ஆண்டுக் கணக்கில் அவதியுற்ற ஓர் அறிஞரை இங்கே நினைவுகூர்வோம். அவர்தாம் வால்டமார் ஹாப்கின்.

அவர் 1860ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் மெச்னிகோவ் என்னும் பேராசிரியரிடம் விலங்கியல் பயின்றார். அக்காலத்தில் யூதர்களைக் கும்பல்கள் தாக்கியபோது, தம் மக்களைக் காக்க முன்வந்த மாணவர்களில் அவரும் ஒருவர். அதற்காகச் சிறையும் கண்டார். மதம் மாறினால் உயர்ந்த பதவி கிடைக்கும் என்ற நிலை இருந்தும் அவர் மாறவில்லை. பிறந்த நாட்டில் இடமின்றிப் பாரிஸ் சென்று, பாஸ்டர் நிலையத்தில் நூலகப் பணியில் அமர்ந்தார். பகலில் புத்தகம் அடுக்கியவர், ஓய்வு நேரத்தில் காலராக் கிருமியை ஆராய்ந்தார்.

1892 ஜூலை 18ஆம் நாள், தாம் கண்ட காலராத் தடுப்பூசியை முதன்முதலில் தம் உடலிலேயே செலுத்திக் கொண்டார். காய்ச்சல் வந்தது, உயிருக்கு ஊறு வரவில்லை. மறு ஆண்டே கல்கத்தா வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் வரவேற்பு எளிதாக இல்லை. அவர் மருத்துவப் பட்டம் பெறாத விலங்கியலார் என்று வெள்ளைக்கார மருத்துவர் சிலர் முகம் சுளித்தனர். மக்களோ, அன்னியர் எதையோ உடலில் ஏற்றுகிறார் என்று அஞ்சினர். 1894இல் கல்கத்தாவில் காட்டால் பாகான் என்னும் குடிசைப் பகுதியில் காலரா புகுந்தது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் 10 பேருக்கு நோய் கண்டது. 7 பேர் மாண்டனர். அந்தப் பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். மேடைப் பேச்சால் ஆகாததை இந்தக் கணக்குச் செய்தது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. ஹாப்கின் அங்கே அழைக்கப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிற்றிடமும் விரல்விட்டு எண்ணத்தக்க பணியாட்களுமே அவருக்குக் கிடைத்தன. ரசத்தின்மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டு, அவற்றைப் பற்றித் தொங்குமாறு கிருமிகளை வளர்த்து, பிறகு சூட்டினால் அவற்றைக் கொன்று மருந்து செய்தார். 1897 ஜனவரி 10ஆம் நாள், இம்முறையும் முதல் ஊசி தமக்கே.

அந்நாளில் அரசாங்கம் வீடு புகுந்து சோதனையிட்டது; நோயாளிகளைப் பலவந்தமாகப் பிரித்துக் கொண்டு போயிற்று. மக்கள் வெகுண்டனர், பலர் நகரை விட்டே ஓடினர். ஹாப்கின் வழி வேறு. இசைந்தவர்க்கே ஊசி; போட்டவர், போடாதவர் இருசாராரின் கணக்கும் எல்லார் கண்ணுக்கும் தெரியவேண்டும். ஆகா கான் தாமே பலரறிய ஊசி போட்டுக்கொண்டு தம் மக்களுக்கு வழிகாட்டினார். 1899இல் பரேலில், முன்பு கவர்னர் மாளிகையாக இருந்த கட்டடத்தில் பிளேக் ஆய்வுக்கூடம் அமைந்தது.

புகழ் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் ஊரில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒரே புட்டியின் மருந்தைப் பெற்ற 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். மற்றப் புட்டிகளால் யாருக்கும் தீங்கில்லை. ஆயினும் விசாரணைக் குழு பழியை ஆய்வுக்கூடத்தின்மேல் சுமத்தியது. ஹாப்கின் பதவி இழந்தார்.

உண்மையில் நடந்தது என்ன? புட்டியைத் திறக்க வைத்திருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரிவரத் தூய்மை செய்யாமலே மூடியைத் திறந்திருக்கிறார்கள். மலேரியா ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ரொனால்டு ராஸ் முதலான அறிஞர்கள் 1907இல் இலண்டன் பத்திரிகையில் வெளிப்படையாக அவருக்காக வாதாடினர். பழி நீங்கியது. அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா திரும்பினார். ஆனால் மக்களிடையே தடுப்பூசிச் சோதனை நடத்தும் உரிமையை அரசாங்கம் அவருக்குத் திருப்பித் தரவில்லை. சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார்.

1925இல் பரேல் ஆய்வுக்கூடத்திற்கு ஹாப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார். மணம் செய்துகொள்ளாத அவருக்கு வாரிசு யாருமில்லை. 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

நண்பர்களே, ஒரு சிறு இடுக்கியில் ஒட்டிய மண் பத்தொன்பது உயிரைக் குடித்தது. ஓர் அறிஞரின் வாழ்வையும் சாய்த்தது. ஐயப்படும் மக்களை அறிவிலிகள் என்று நாம் ஏசிப் பயனில்லை. கருவி தூயதாக இருக்கவேண்டும். கணக்கு ஒளிவு மறைவின்றி இருக்கவேண்டும். சொல்பவர் முதலில் தம் கையை நீட்டவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஊசிக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ தயங்கும் பாட்டியிடம் வாதம் புரியாதீர்கள். அவர் பக்கத்தில் அமர்ந்து, முதலில் உங்கள் கையை நீட்டுங்கள்.