குப்பையைப் பொன்னாக்கியவர்



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது சர் ஆல்பர்ட் ஹோவர்ட் அவர்களின் வாழ்க்கை. இயற்கை விவசாயம் பேசுகிறவங்க எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. நம்ம வீட்டுக் குப்பைக்கும் இவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஹோவர்ட் 1873-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1905-ல் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். மனைவி கேப்ரியலும் விஞ்ஞானிதான். இருவரும் சேர்ந்து நல்ல கோதுமை ரகங்களை உருவாக்கினார்கள்.

நமக்குப் பாடம் சொல்ல வந்தவர், நம்ம விவசாயிகளிடமே பாடம் கேட்டார் என்பதுதான் ஆச்சரியம்! மண் வளமாக இருந்தால் பயிருக்கும் மாட்டுக்கும் நோய் குறையும் என்று கண்டுகொண்டார். ஆனால் மண்ணுக்குப் போக வேண்டிய சாணம், வறட்டியாகி அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. இருக்கிற கொஞ்சம் சாணத்தை வைத்து நிறைய எரு செய்ய முடியுமா என்று யோசித்தார்.

1924 முதல் 1931 வரை இந்தூரில் இதற்காகவே உழைத்தார். இலை தழை, வைக்கோல், களை எல்லாவற்றையும் 2 அடி ஆழக் குழியில் பரப்பணும். மேலே சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் போடணும். தண்ணீர் தெளிக்கணும். காற்று போவதற்காக மூன்று முறை புரட்டிப் போடணும். சுமார் 3 மாதத்தில் கருப்பா, பொலபொலன்னு எரு தயார்! இதுதான் இந்தூர் முறை. 1931-ல் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து இதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். 1934-ல் சர் பட்டம் பெற்றார். ரசாயன உரமே போதும் என்று பலர் சொன்ன காலத்திலும், மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரணும் என்று கடைசி வரை வாதாடினார். 1947-ல் மறைந்தார்.

நண்பர்களே, நம்ம பக்கத்துக் கிராமங்களில் வயலுக்குக் 'குப்பை அடிக்கிறோம்'னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்தக் குப்பைன்னா எரு! நம்ம பேச்சில் குப்பை ஒரு செல்வம். அது அசிங்கமாப் போனது எப்போ? பாலிதீன் பையும் கண்ணாடித் துண்டும் பேட்டரியும் அதில் கலந்த பிறகுதான்.

காய்கறித் தோலைக் கேரிபேக்கில் கட்டிப் போட்டால் உள்ளே காற்று போகாது. மக்காமல் அழுகி நாறும். பையை அவிழ்த்துப் பிரிக்கும் வேலை தூய்மைப் பணியாளர் தலையில் விழுகிறது. உடைந்த பல்பு அவர் கையைக் கிழிக்கும். பிரிக்காமல் வயலுக்குப் போனால் பிளாஸ்டிக் மண்ணிலேயே தங்கிவிடும். ஹோவர்டே வந்தாலும் அந்தக் குப்பையை எருவாக்க முடியாது!

மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கணும் என 2016-ல் வந்த மத்திய அரசு விதிகளும் சொல்லின. இதற்குப் பெரிய செலவு இல்லை. மூன்று பழைய வாளி போதும். மக்கும் குப்பையை ஒரு சின்னக் குழியில் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, அப்பப்போ கிளறி விடுங்க. அம்மாவுக்கு மட்டும் இந்த வேலையை விட்டுவிடாதீங்க. நாமும் செய்வோம்.

பிரிப்போம்! மக்க வைப்போம்! மண்ணைக் காப்போம்!

– பத்தாம் வகுப்பு மாணவி, குறிஞ்சிப்பாடி