வீதியை மேடையாக்கிய சப்தர் ஹஷ்மி

புதுதில்லி: தலைநகரை ஒட்டியுள்ள சாஹிபாபாத் தொழிற்பேட்டைப் பகுதியில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பு உள்ளது. உத்தரப் பிரதேச மாநிலம் காஜியாபாத் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரில்தான், 1989 ஜனவரி 1-ஆம் தேதி நாடகம் நடித்துக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இரவு தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 34.

அவரது மரணத்தை நாடே அறியும். ஆனால் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவரும் அவருடைய தோழர்களும் தில்லியின் ஆலை வாயில்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் செய்த வேலை, அதே அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. இந்திய அரசியலில் வீதி நாடகத்துக்கு ஓர் இடம் கிடைத்தது அந்த வேலையால்தான்.

1954 ஏப்ரல் 12-ஆம் தேதி தில்லியில் பிறந்த சப்தர், இளமைப் பருவத்தை அலிகரிலும் தில்லியிலும் கழித்தார். புனித ஸ்டீபன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். வசதி படைத்தோரின் பிள்ளைகள் மிகுந்த அக்கல்லூரியிலிருந்து அவர் சென்றடைந்த இடம் இந்திய மாணவர் சங்கம். 1973-ல் நண்பர்களுடன் சேர்ந்து ஜன நாட்ய மஞ்ச் என்ற மக்கள் நாடகக் குழுவைத் தொடங்கினார். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, குழுவை ஜனம் என்றே பலரும் அழைத்தனர்.

தொடக்க காலத்தில் அவர்கள் போட்டவை வீதி நாடகங்கள் அல்ல. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு திறந்தவெளியில் நடத்தப்பட்ட பெரிய நாடகங்கள்.

நாற்காலியும் நெருக்கடி நிலையும்

1975 ஜூன் 12-ஆம் தேதி, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே ஜனம் குழு சிறு நாடகம் ஒன்றை உருவாக்கியது. மன்னர் ஒருவர் அரியணையை விட்டு எழுகிறார். நாற்காலியோ அவரை விட மறுத்து, அவருடனேயே எழுந்துவிடுகிறது. நாடகத்தின் பெயரே குர்சி, குர்சி, குர்சி. நாடாளுமன்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள போட் கிளப் புல்வெளியில் நாள்தோறும் இது நடிக்கப்பட்டது. (1990-களில் பேரணிகளுக்கு மூடப்பட்ட அதே புல்வெளிதான்.) அம்மாத இறுதியில் நெருக்கடி நிலை வந்தது, நாடகம் நின்றது.

அந்த ஆண்டுகளில் சப்தர் கர்வால், காஷ்மீர் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலம் கற்பித்தார். 1976-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

நெருக்கடி நிலை நீங்கியபின் குழு மீண்டும் கூடியபோது, எதிர்பாராத தடை ஒன்று காத்திருந்தது. நாடகத்துக்கு அழைத்துச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்த தொழிற்சங்கங்கள் அப்போது பணமின்றித் தவித்தன. பெரிய நாடகம் போட அவற்றால் இயலாது. ஆகவே செலவில்லாத, தோளில் சுமந்து செல்லக்கூடிய, குறுகிய நாடகம் வேண்டும் என முடிவாயிற்று. பின்னாளில் கோட்பாடாகப் பேசப்பட்ட வீதி நாடகம், ஜனம் குழுவைப் பொறுத்தவரை பணத் தட்டுப்பாட்டில் பிறந்ததே.

பதின்மூன்று நிமிடம்

காஜியாபாத்தில் ஹெரிக் இந்தியா என்ற ஆலை இருந்தது. சைக்கிள் நிறுத்த ஓர் இடமும் ஓர் உணவகமும் வேண்டும் என அதன் தொழிலாளர்கள் கேட்டனர். அந்தப் போராட்டத்தில் ஆலைக் காவலர்கள் சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். மூத்த தலைவர் ஒருவர் வாயிலாக இச்செய்தி குழுவுக்கு எட்டியது. 1978 அக்டோபரில் மெஷின் அரங்கேறியது. நடிகர்களின் உடல்களே ஒன்றோடொன்று இணைந்து இயந்திரமாகின்றன, சத்தமிட்டு இயங்குகின்றன, திடீரென நிற்கின்றன. ஏன் நின்றது என்பதே கதை. நாடகம் முடிய ஏறத்தாழ 13 நிமிடங்கள் போதும்.

அதே ஆண்டு மத்தியில் ஜனதா அரசு மக்களவையில் தொழில் உறவு மசோதாவை அறிமுகம் செய்திருந்தது. வேலைநிறுத்த உரிமையை அது முடக்கும் என எதிர்த்த தொழிற்சங்கங்கள் நவம்பரில் தில்லியில் மாநாடு கூட்டின. மாநாட்டில் மெஷின் நடிக்கப்பட்டது. மறுநாள் போட் கிளப் பேரணியில் லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் முன்னிலையில் மீண்டும் நடிக்கப்பட்டது. அங்கு வந்திருந்தோர் வழியாகப் பல மாநிலங்களுக்கும் நாடகம் சென்றது. மசோதாவோ, 1979-ல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியாயிற்று. நாடகத்தால்தான் மசோதா வீழ்ந்தது என்று கூறுவது மிகையாகும். எனினும் அவையில் நடக்கும் விவாதம் ஆலைத் தொழிலாளிக்கு 13 நிமிடத்தில் விளங்கியது என்பது சிறிய செய்தியல்ல.

அதன்பின் வேகம் கூடியது. வகுப்புக் கலவரம் பற்றி ஹத்யாரே, பெண்களின் நிலை பற்றி அவுரத், தில்லி பேருந்துக் கட்டண உயர்வு பற்றி ஒரு நாடகம் எனப் பிரச்சினை எழுந்த சூட்டோடு நாடகங்கள் வந்தன. சப்தரின் மறைவுக்குள் குழு 24 வீதி நாடகங்களை ஏறத்தாழ 4,000 முறை நடித்திருந்தது. இவை பிரசாரம் மட்டுமே என்ற விமர்சனம் அப்போதே உண்டு. பிரச்சினையோடு சேர்ந்து மறைந்துபோன நாடகங்களும் இவற்றில் இருக்கவே செய்தன. அவுரத் அப்படியல்ல; அது பல மொழிகளுக்குச் சென்று பல்லாண்டு வாழ்ந்தது.

பி.டி.ஐ. செய்தி நிறுவனம், எகனாமிக் டைம்ஸ் நாளிதழ் ஆகியவற்றில் பணியாற்றிய சப்தர், பின்னர் மேற்கு வங்க அரசின் தில்லி தகவல் பிரிவில் அதிகாரியானார். 1984-ல் அந்த வேலையையும் விட்டு முழுநேர ஊழியரானார். குழந்தைகளுக்குப் பாடல்கள் எழுதினார், தொலைக்காட்சிக்கும் எழுதினார். மேடை நாடகத்துக்கு எதிரானது வீதி நாடகம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. 1988-ல் பிரேம்சந்த் கதையொன்றை ஹபீப் தன்வீருடன் சேர்ந்து மேடைக்குக் கொண்டுவந்ததே அதற்குச் சான்று.

ஜண்டாபூரில் நடந்தது

1988 நவம்பரில் தில்லி ஆலைத் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். மாதம் 1,050 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் முக்கியக் கோரிக்கை. அதற்காகப் போட்ட நாடகத்தைத் திருத்தி, ஹல்லா போல் என்ற பெயரில் குழு நடித்து வந்தது. அந்த நாடகத்தோடுதான், காஜியாபாத் நகராட்சித் தேர்தலில் சிஐடியு ஆதரவு வேட்பாளருக்காக அவர்கள் ஜண்டாபூர் சென்றனர்.

முற்பகல் 11 மணியளவில் நாடகம் தொடங்கியது. காங்கிரஸ் ஆதரவு பெற்ற வேட்பாளர் ஊர்வலமாக வந்து வழிவிடக் கேட்டார். சற்றுப் பொறுக்கவோ வேறு வழியில் செல்லவோ சப்தர் வேண்டினார். தடிகளும் இரும்புக் கம்பிகளும் துப்பாக்கிகளும் பதில் கூறின. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். நடிகர்கள் சிஐடியு அலுவலகத்துக்குள் ஓடினர். மற்றவர்கள் தப்பிக்கும்வரை கதவைப் பிடித்து நின்ற சப்தர், தாக்கியவர்களின் கையில் சிக்கினார்.

ஆங்கிலேயர் 1876-ல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அப்போதும் ஏட்டில் இருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது 2017-ல்தான். சப்தரின் நாடகத்தை நிறுத்த அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

இறுதி ஊர்வலத்தில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் நடந்தனர். ஜனவரி 4-ஆம் தேதி, கணவரை இழந்து இரண்டே நாள் ஆன நிலையில், மலயஸ்ரீ ஹஷ்மி குழுவினருடன் ஜண்டாபூர் திரும்பினார். தடைபட்ட ஹல்லா போல் அதே இடத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடித்து முடிக்கப்பட்டது. அம்மாதம் தில்லியில் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழா மேடையில் ஷபானா ஆஸ்மி ஏறி ஆளுங்கட்சியைக் கண்டித்தார். கலைஞர்களும் அறிஞர்களும் இணைந்து சஹ்மத் என்ற நினைவு அறக்கட்டளையை நிறுவினர். சப்தரின் பிறந்தநாளான ஏப்ரல் 12, தேசிய வீதி நாடக நாளாயிற்று.

வழக்கு மெல்ல நகர்ந்தது. 2003 நவம்பரில், சம்பவம் நடந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், காஜியாபாத் நீதிமன்றம் அந்த வேட்பாளர் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குள் ஜனம் குழு, ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி ஜண்டாபூர் சென்று தொழிலாளர்கள் நடுவே நாடகம் போடுவதை வழக்கமாக்கியிருந்தது.