நிறுத்தத் தெரியாத சைக்கிள் ராணி



தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கையை எல்லாம் இந்தச் சுவர்ல நிறைய படிச்சிருப்பீங்க. இந்த மாசம் நான் எழுதப் போறது ஒரு சைக்கிள் வீராங்கனையைப் பத்தி. பெயர் பெரில் பர்ட்டன். ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன்னு கடைசியில சொல்றேன்.

பெரில் 1937 மே 12 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். பதினோரு வயதில் எழுதிய பள்ளித் தேர்வு ஒன்றில் தோற்றுப் போனார். மனசு உடைஞ்சு போச்சு. அதைத் தொடர்ந்து வாதக் காய்ச்சலும், கை கால் தானாகத் துடிக்கிற நரம்பு நோயும் வந்தன. 9 மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். பிறகு 15 மாதம் வீட்டை விட்டுத் தள்ளி ஓர் ஓய்வு இல்லம். உடம்பை வருத்தும் எந்த வேலையும் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

1955-ல் சார்லி பர்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு சைக்கிள் மேல் ஆசை வரக் காரணம் சார்லிதான். அதுக்கப்புறம் நடந்ததைக் கேட்டா நம்ப மாட்டீங்க! எதிராளியைத் துரத்திப் பிடிக்கும் ஓடுதளப் போட்டியில் 5 முறை உலக சாம்பியன். சாலைப் பந்தயத்தில் 1960, 1967 என 2 முறை உலக சாம்பியன். பிரிட்டனின் சிறந்த வீராங்கனை என்ற பட்டத்தை 1959 முதல் 1983 வரை 25 வருஷம் தொடர்ந்து யாருக்கும் விட்டுத் தரவில்லை. இதெல்லாம் சம்பளத்துக்கு ஓட்டியது இல்லை. காய்கறித் தோட்டத்தில் மண் வேலை, வீட்டு வேலை, மகள் டெனிஸை வளர்ப்பது, இவற்றுக்கு நடுவில்தான் பயிற்சி. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு சைக்கிள் பந்தயமே 1984-ல்தான் வந்தது. அப்போது அவருக்கு 47 வயது.

அவருடைய பெரிய நாள் 1967 செப்டம்பர் 17. போட்டி 12 மணி நேரம். யார் அதிக தூரம் போறாங்கன்னு பார்ப்பாங்க. பெரில் ஓட்டியது 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர். நம்ம தாம்பரத்தில் இருந்து மதுரைக்குப் போகிற தூரம்னு வெச்சுக்கோங்க. அன்றைக்கு ஆண்களில் முதலில் வந்த மைக் மெக்நமாரா புதிய சாதனை படைத்தும், பெரிலை விடக் குறைவான தூரமே போனார். வழியில் அவரை முந்தும்போது பெரில் ஒரு மிட்டாயை நீட்டினாராம். அவரும் வாங்கிக்கிட்டாராம். பெண்களுக்கான அந்தச் சாதனை 2017 வரை 50 வருஷம் நின்றது.

12 மணி நேரம் மிதிக்கக் கால் மட்டும் போதாது, மனசு வேணும். கட்டிலில் கிடந்த அந்தச் சின்னப் பெண், தான் தோற்றவள் இல்லைன்னு ஒவ்வொரு பந்தயத்திலும் நிரூபிச்சுக்கிட்டே இருந்தாள்னு எனக்குத் தோணுது. ஆனா அந்த மனசுக்கே இன்னொரு பக்கமும் உண்டு. 1976 தேசிய சாலைப் பந்தயத்தில் பெரிலை முந்தி ஜெயித்தவர் அவருடைய மகள் டெனிஸ். பரிசு மேடையில் பெற்ற மகளுக்கே பெரில் கை கொடுக்க மறுத்துவிட்டார். ஜெயிக்க வைத்த பிடிவாதம்தான் அன்றைக்கு அவரைத் தோற்கடித்தது. நல்லவேளை, கதை அதோட முடியல. 1982-ல் அம்மாவும் மகளும் இருவர் மிதிக்கும் ஒரே சைக்கிளில் ஏறி, 10 மைல் போட்டியில் தேசிய சாதனை படைத்தார்கள்.

பட்டம் கைவிட்டுப் போன பிறகும் அவர் ஓய்வு பெறவில்லை. 1996 மே 5 அன்று, தன் 59-வது பிறந்தநாள் விழாவுக்கு அழைப்பிதழ் கொடுக்க சைக்கிளில் போனவர், வழியிலேயே இதயம் நின்று இறந்தார்.

இப்ப என் கதை. அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டியில் நான் தொடர்ந்து ஓட்டினது பலருக்குத் தெரியும். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவோட அது முடியுது. எனக்கு வயசு தாண்டிடுச்சு. பிளஸ் டூ வேற. இனிமே நான் யாருன்னே புரியாம ராத்திரி எல்லாம் அழுதிருக்கேன். போன மாசம் ஒரு ஞாயிறு காலை, கேம்ப் ரோட்டில் இருந்து மேடவாக்கம் வரை பயிற்சிக்குப் போனோம். செம்பாக்கம் தாண்டியதும் ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி என்னை முந்திட்டா. திரும்பிப் பார்த்துச் சிரிச்சா. நான் சிரிக்கல. ரெண்டு நாள் அவகிட்ட பேசவும் இல்லை.

பெரிலைப் பத்திப் படிச்சப்பதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பந்தயத்தை விடறது தோல்வி இல்லை. அடுத்தவங்களுக்கு வழி விடவும் மனசைப் பழக்கணும், மேட்டில் மிதிக்கப் பழகுற மாதிரி. பெரிலுக்கு அது கஷ்டமா இருந்துச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

மறுநாளே அந்தத் தங்கச்சிக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் வாய் விட்டுக் கேட்க வரல. அதனால இங்கே, எல்லாருக்கும் தெரியுற மாதிரி கேட்டுக்கறேன். இந்த செப்டம்பர் போட்டியில் அவ ஓட்டும்போது, ரோட்டோரம் தண்ணி பாட்டிலோட நான் நிற்பேன். அரசு கொடுத்த என் சைக்கிளும் சும்மா நிற்காது. அதுலதான் தினமும் ஸ்கூலுக்கு வர்றேன்!



இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி