காத்திருக்காத கணித மேதை

1950-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி.

எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் இருந்து ஒரு விமானம் கிளம்பியது. பம்பாயில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும் விமானம் அது. கிளம்பிய சிறிது நேரத்தில் என்ஜினில் தீப்பிடித்தது. விமானம் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள்.

அவர்களில் ஒருவர் நெல்லைச் சீமையில் பிறந்த தமிழர். வயது 49. உலகக் கணித அறிஞர்கள் கூடும் மாநாட்டுக்குப் போய்க்கொண்டு இருந்தார். அவர்தான் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ்.எஸ்.பிள்ளை என்று சொன்னால் கணித உலகம் நன்றாக அறியும்.

தாயை இழந்த பிள்ளை

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது. குற்றாலத்துச் சிற்றாறு ஓடி வந்து தாமிரபரணியில் கலக்கிறதே, அந்தச் செழிப்பான பூமி. அங்கே 1901-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி பிள்ளை பிறந்தார்.

ஒரு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் காலமானார். அத்துடன் படிப்பு நின்றிருக்கும். ஆனால், பையனுடைய கணக்குத் திறமையைக் கண்டுகொண்ட ஓர் ஆசிரியர் கைகொடுத்தார். சாஸ்திரியார் என்று அவரை அழைப்பார்கள். அந்த உதவியால் பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

அடுத்து சென்னைக்கு வந்தார். பேராசிரியர் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் அங்கே படித்தவர் ஆனந்தராவ். 1929-ம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பிள்ளைக்கு அங்கே ஆசிரியர் வேலை கிடைத்தது.

1770-ல் பிறந்த கேள்வி

அங்கேதான் அவர் ஒரு பழைய கேள்வியைக் கையில் எடுத்தார். 1770-ம் ஆண்டு இங்கிலாந்தில் வாரிங் என்ற அறிஞர் எழுப்பிய கேள்வி அது.

ஓர் எண்ணை இரண்டு தடவை எழுதிப் பெருக்கினால் வருவது வர்க்கம். 1, 4, 9, 16 என்று வரும். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டிக் கொண்டுவந்துவிடலாம். 7 வேண்டுமா? ஒரு 4, மூன்று 1. மொத்தம் நான்கு.

மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவது கனம். 1, 8, 27 என்று வரும். 23 வேண்டுமானால் இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது. எந்த எண்ணுக்கும் ஒன்பதுக்கு மேல் தேவை இல்லை. நான்கு தடவை பெருக்கி வரும் எண்களானால் 19 போதும் என்றார் வாரிங். சொன்னாரே தவிர, நிரூபிக்கவில்லை.

அப்படியானால் ஐந்து தடவை, ஆறு தடவை என்று பெருக்கிக்கொண்டே போனால்? எத்தனை எண்கள் வேண்டும்?

வர்க்கத்துக்கு நிரூபணம் 1770-லேயே கிடைத்துவிட்டது. கனத்துக்கு 1909, 1912 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு கட்டுரைகளால் கிடைத்தது. அடுத்தது நான்குதானே? நான்கு பிடிகொடுக்கவில்லை! ஐந்தும் அப்படியே.

பிள்ளை என்ன செய்தார்? நான்குக்கு விடை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஏழும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு வழி கண்டார். ஒரு சிறு நிபந்தனையோடு விடை கிடைத்தது. அது 1936-ம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் டிக்சன் என்ற பெரிய பேராசிரியரும் அதே காலத்தில், தனியாக, அதே முடிவுக்கு வந்தார். கப்பலில் கடிதம் போன காலம் அது. இரண்டு பேர், இரண்டு கண்டங்கள், ஒரே விடை!

ஆறு மட்டும் இடையில் மீந்து நின்றது. 1940-ல் அதையும் பிள்ளையே முடித்தார். விடை 73. ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் 1, 64, 729 என்று வரும். 703 வேண்டுமானால் பத்து 64, அறுபத்து மூன்று 1. ஆக 73. எந்த எண்ணுக்கும் இதற்கு மேல் வேண்டாம் என்று அவர் நிரூபித்தார்.

கேட்டுவிட்டு வேலையைப் பார்

வராத விடைக்காக மற்ற வேலையை நிறுத்தாத இந்தப் பழக்கம், இன்று நம் கைபேசியிலும் இருக்கிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறதா என்று கைபேசியில் பார்க்கிறோம். விடை கைபேசியில் இல்லை. தொலைவில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்கும் புரோகிராமைக் ‘கிளையண்ட்’ என்கிறார்கள். பதில் தரும் கம்ப்யூட்டரை ‘சர்வர்’ என்கிறார்கள். சர்வரோடு தொடர்பு ஏற்படவே சில நொடிகள் ஆகலாம். அதுவரை கிளையண்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், திரை உறைந்து போகும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது.

உலை வைத்த பிறகு அடுப்பையே பார்த்துக்கொண்டு யாரும் நிற்பது இல்லை. காய் நறுக்குகிறோம். கொதிக்கும் சத்தம் கேட்டால் அரிசி போடுகிறோம். நல்ல புரோகிராமும் அப்படித்தான். கேள்வியை அனுப்பும். பதில் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கும். பிறகு அடுத்த வேலையைப் பார்க்கும்.

பின்னால் கேட்டதற்கு முன்னால் பதில் வரலாம். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும், அல்லது நம்மிடம் சொல்லிவிடும்.

பிள்ளை பிறந்த அதே தென்காசி வட்டாரத்தில் மத்தளம்பாறை இருக்கிறது. அங்கே 2011-ம் ஆண்டு சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. கிராமத்து இளைஞர்கள் இத்தகைய புரோகிராம்களை எழுதும் வேலைக்கு வந்தார்கள்.

கடைசியில் வந்த நான்கு

பிள்ளை 1941-ல் திருவிதாங்கூருக்கும் 1942-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். பின்னர் அமெரிக்காவில் இருந்து அழைப்பு வந்தது. ஐன்ஸ்டீன் இருந்த பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு தங்கலாம். ஹார்வர்டில் நடக்கும் மாநாட்டிலும் கலந்துகொள்ளலாம். தாயும் தந்தையும் இல்லாமல் வளர்ந்த வல்லத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு! அந்தப் பயணம்தான் பாலைவனத்தில் முடிந்தது.

அவர் போன பிறகும் விடைகள் வந்தன. ஐந்துக்கு 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் விடை கண்டார். அது 37. எல்லோரையும் காக்க வைத்த நான்குக்கு 1986-ல்தான் முடிவு வந்தது. வாரிங் சொன்ன அதே 19! அதை நிரூபித்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் பிரெஞ்சுக்காரர்கள். மூன்றாமவர் சென்னையில் பணியாற்றிய ஆர்.பாலசுப்பிரமணியன்.

இரண்டு, மூன்று, ஏழுக்கு மேல், ஆறு, ஐந்து, கடைசியில் நான்கு. விடைகள் இந்த வரிசையில்தான் வந்தன. நான்கிலேயே எல்லோரும் நின்றிருந்தால், மற்றவையும் 1986 வரை காத்திருக்க வேண்டியதாகி இருக்கும்.

2010-ம் ஆண்டு பிள்ளையின் கட்டுரைகள் எல்லாம் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. தொகுத்த இருவரில் ஒருவர், நான்குக்கு விடை கண்ட அதே பாலசுப்பிரமணியன்.